குண்டுவீச்சு விமானத்தின் மெல்லிய அடுக்குகள்

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஒரு டேனரியின் ஃபினிஷிங் பகுதியில், அனுபவசாலி ஒருவர் கையில் ஒரு தோலைக் கொடுத்துப் பாருங்கள். நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கனம் அளக்கும் கேஜை எடுப்பார். அதன் பிடியை அழுத்தினால் வாய் திறக்கும். தோலின் ஓரத்தை உள்ளே செருகிப் பிடியை விட்டால் வட்ட முகப்பில் முள் நகர்ந்து நிற்கும். முதுகுப் பக்கம், வயிற்றுப் பக்கம், கழுத்து என்று நாலைந்து இடத்தில் வைத்துப் பார்ப்பார். 1.2 மில்லிமீட்டர் கேட்ட ஷூ கம்பெனிக்கு 1.4 போனால் மடிப்பில் திரளும், 0.9 போனால் லாஸ்டில் ஏற்றி இழுக்கும்போது கிழியும். அரை மில்லிமீட்டருக்குள் நடக்கிற பிழைப்பு இது.

இந்த அத்தியாயம் போர் விமானங்களைப் பற்றியது. பசிபிக் போரில் பறந்த நடுத்தரக் குண்டுவீச்சு விமானங்களின் கதையைத் தளபதிகள், வேகம், துப்பாக்கிகள், மூழ்கிய கப்பல்கள் என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். அந்த வரலாறுகளைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது வேறு. வங்காள விரிகுடாவைச் சுற்றிய வெயிலிலும் ஈரத்திலும் இந்த விமானங்கள் பிழைத்ததையும் மாண்டதையும் பல வேளைகளில் தீர்மானித்தவை சில மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகள்தான். பெட்ரோல் தொட்டியைச் சுற்றிய ரப்பர், உடலைப் போர்த்திய துணி, மரத்தை ஒட்டிய பசை, கடைசியில் தோல். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மற்றவர்கள் போன அத்தியாயத்தில் பார்த்த கொதிநீர்ச் சோதனையை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: குரோம் நன்றாக ஏறிய துண்டு கொதிக்கும் நீரில் சுருங்காது, சரியாக ஏறாதது சுருண்டுவிடும்.

நடுத்தரக் குண்டுவீச்சு விமானம் என்றால் பெரும்பாலும் இரண்டு எஞ்சின், நான்கு முதல் ஏழு பேர், ஒரு டன் அளவில் குண்டு. நான்கு எஞ்சின் பூதங்கள் நகரங்களை அழிக்கப் போயின. தீவுக்குத் தீவு தாவிய பசிபிக் போரிலும், காடும் ஆறுமான பர்மாப் போரிலும் அன்றாட வேலை இந்த இரட்டை எஞ்சின் விமானங்களுடையது. கப்பல், பாலம், ரயில் பாதை, ஓடுபாதை இவைதான் இலக்குகள். குட்டையான மண் ஓடுபாதையிலிருந்து கிளம்ப வேண்டும், வெகுதூரம் போக வேண்டும், அடிபட்டாலும் திரும்ப வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் எந்தப் பொறியாளரும் தலையைச் சொறிவார்.

ஜப்பான் கடற்படை மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. தூரம். மிட்சுபிஷி நிறுவனத்தின் வடிவமைப்பாளர் கிரோ ஹொன்ஜோவிடம் அவர்கள் கேட்ட விமானம் கடலுக்கு மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போய் டார்பிடோ வீசிவிட்டு வர வேண்டும். அத்தனை பெட்ரோலையும் சுமந்துகொண்டு பாதுகாப்பும் வேண்டுமென்றால் நான்கு எஞ்சின் தேவை என்று ஹொன்ஜோ சொல்லிப் பார்த்தார். முடியாது, இரண்டுதான் என்று கடற்படை சொல்லிவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் 1939 அக்டோபரில் முதலில் பறந்த ஜி4எம். நேச நாட்டினர் அதற்கு வைத்த பெயர் பெட்டி. அதிகபட்சமாக ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் பறக்கக்கூடியது. அந்தக் காலத்து இரட்டை எஞ்சின் விமானத்துக்கு இது நம்ப முடியாத தூரம். அது எப்படி வந்தது? இறக்கையின் உட்புறத்தையே தொட்டியாக்கிவிட்டார்கள். தனித் தொட்டி கிடையாது, அதைச் சுற்றி உறை கிடையாது. வெளியே காற்று, நடுவே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே பெட்ரோல்.

அதன் முதல் பெரிய வெற்றி மலாயாத் தமிழர்களுக்குப் பக்கத்துக் கடலில்தான் நடந்தது. 1941 டிசம்பர் 10-ஆம் தேதி குவாந்தான் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜி4எம் விமானங்களும் அவற்றின் மூத்த ரகமான ஜி3எம் விமானங்களும் சேர்ந்து மூழ்கடித்தன. 840 மாலுமிகள் இறந்தார்கள். திறந்த கடலில் ஓடிக்கொண்டிருந்த பெரும் போர்க்கப்பல்கள் விமானத் தாக்குதலால் மட்டுமே மூழ்கியது அதுவே முதல் தடவை. சிங்கப்பூரின் கடற்பாதுகாப்பு ஒரே பகலில் போய்விட்டது. அடுத்த சில வாரங்களில் மலாயா முழுவதும் ஜப்பான் கைக்கு வந்தது. அத்துடன் மலாயாவின் ரப்பர் தோட்டங்களும் வந்தன. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சீக்கிரமே டச்சுத் தீவுகளும் போக, அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது.

விமானத்துக்கும் ரப்பருக்கும் என்ன சம்பந்தம் என்றால், சக்கரம் மட்டும் அல்ல. தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் தொட்டி என்று ஒன்று உண்டு. அதன் சுவர் பல அடுக்கு. உள்ளடுக்கு பெட்ரோலுக்குக் கரையாத செயற்கை ரப்பர். நடுவில், கந்தகம் சேர்த்து வேகவைக்காத பச்சை ரப்பர். வெளியே பதப்படுத்திய கெட்டி ரப்பர். குண்டு துளைத்துப் போகும்போது பெட்ரோல் கசிந்து நடு அடுக்கைத் தொடுகிறது. பச்சை ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கட்டப்படாதவை என்பதால், இடையில் பெட்ரோல் புகுந்து அவற்றை விலக்குகிறது, ரப்பர் உப்புகிறது, துளை நெருங்கி மூடிக்கொள்கிறது. சில நொடி வேலை. பெட்ரோலை அடைக்கிற அடைப்பானை பெட்ரோலே தயாரித்துக்கொள்கிறது என்பதுதான் இதிலுள்ள அழகு.

உலோகத் தொட்டிக்கு இந்த உறை போட்டால் ஒரு தொல்லை வரும். தகட்டைக் குண்டு துளைத்து வெளியேறும் இடத்தில் விளிம்பு இதழ் இதழாகக் கிழிந்து வெளிப்பக்கம் மடங்கும். அந்த இதழ்கள் ரப்பரைக் குத்திப் பிடித்துக்கொண்டு துளையை மூட விடாது. ஜெர்மானியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவர்களது குண்டுவீச்சு விமானங்களில் தொட்டியையே நார் அட்டையால் செய்து, அதன்மேல் ரப்பர் அடுக்குகளோடு ஓர் அடுக்கு குரோம் தோலையும் சேர்த்தார்கள். தோலில் நார்கள் நெசவுத் துணி மாதிரி இரண்டு திசையில் மட்டும் ஓடுவதில்லை. மேலும் கீழும் குறுக்குமாக மூன்று திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. ஊசி இழுத்த இடம் விரல் பட்டால் மூடிக்கொள்வதைத் தைப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். குண்டு போன இடத்திலும் அதேதான் நடக்கும்.

உலகத்து இயற்கை ரப்பரில் பெரும்பங்கு ஜப்பானிடம். ஆனால் ஜப்பானின் முதன்மையான நடுத்தர விமானத்தின் தொட்டியில் ரப்பர் இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர்கள் நெய்க்கு அலையவும் இல்லை, வேண்டாம் என்றே விட்டார்கள். பற்றாக்குறை காரணம் அல்ல, எடை காரணம். உறைக்குக் கூடும் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளில் ஒரு கிலோவைக் குறைக்கும். பத்திரமான தொட்டி என்றால் குறைந்த தூரம். 1942 ஆகஸ்ட் 8-ஆம் தேதி குவாடல்கனால் அருகே அமெரிக்கக் கப்பல்களைத் தாக்க 23 ஜி4எம் விமானங்கள் தாழப் பறந்து போயின. திரும்பியவை ஐந்து. 1943 ஏப்ரல் 18-ஆம் தேதி ஜப்பானின் கூட்டுக் கடற்படைத் தளபதி யாமமோட்டோ இறந்ததும் இதே ரக விமானத்தில்தான். அந்த வருஷத்தில்தான் இறக்கையின் அடியில் 30 மில்லிமீட்டர் கனத்துக்கு ரப்பர் பாளம் ஒட்ட ஆரம்பித்தார்கள். உள்ளே கரியமில வாயு செலுத்தி நெருப்பைத் தடுக்கவும் பார்த்தார்கள். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, ஆவியாகக் காற்றோடு கலந்தால்தான் எரியும். அந்தக் காற்றை வெளியேற்றுவதுதான் யோசனை. சரியான யோசனை, காலம் கடந்து வந்தது.

இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் அரக்கோணத்தின் ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்து கடற்படையின் பி-8ஐ விமானங்கள் விரிகுடாவைக் கண்காணிக்கின்றன. அதுவும் இரட்டை எஞ்சின்தான், போயிங் 737-இன் உடல்தான். இந்தக் காலத்து விமானங்களில் அதே யோசனைப்படி தொட்டியின் காலி இடத்தை நைட்ரஜனால் நிரப்புவது வழக்கமாகிவிட்டது.

1942-க்குத் திரும்புவோம். மலாயாவும் டச்சுத் தீவுகளும் போனபின் நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய ரப்பர் தோட்டம் இலங்கைதான். அந்த ஏப்ரலில் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தன. 5-ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு, 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ஆம் தேதி திருகோணமலை. விரிகுடாவில் சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கின. சென்னையில் படை இறங்கப்போகிறது என்ற பேச்சில் நகரமே உள்மாவட்டங்களுக்கு ரயிலேறியது. குண்டு விழுந்தால் தப்பி வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். சென்னைக்காரர்கள் சொல்லும் இந்தக் கதையில் அந்த விலங்குகளுக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட, அதே வாரம் கடலில் நடந்த ஒரு தாக்குதலுக்குக் கிடைக்கவில்லை.

9-ஆம் தேதி கொழும்பிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 11-ஆம் அணியைச் சேர்ந்த ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் ஜப்பானியக் கப்பல்களைத் தேடிப் போயின. பிளென்ஹைமின் மூதாதை 1935-இல் ஒரு பத்திரிகை முதலாளி தன் சொந்தப் பயணத்துக்காகச் செய்துகொண்ட விமானம்; அன்றைய பிரிட்டிஷ் போர் விமானங்களையே வேகத்தில் மிஞ்சியது. ஏழு வருஷத்தில் கிழமாகிவிட்டது. அந்தக் கிழங்கள் ஜப்பானியப் படைத்தலைவர் நகுமோவின் தலைமைக் கப்பலான அகாகிக்கு நேர் மேலே வந்து சேரும்வரை ஜப்பானியர் யாரும் கவனிக்கவில்லை. அவர்களிடம் ரேடார் இல்லை. கப்பலைச் சுற்றிக் கடல் நீர் தூணாக எழுந்தபோதுதான் தெரிந்தது. குண்டுகள் மயிரிழையில் தவறின. அதன்பின் ஜப்பானியரின் ஜீரோ சண்டை விமானங்கள் துரத்தின. ஒன்பதில் ஐந்து கடலில் விழுந்தன.

இலக்குத் தவறியதால் இது தோல்விதான். ஆனாலும் அந்த விமானந்தாங்கிப் படை தன்மேல் குண்டு விழக் கண்டது அதுவே முதல் முறை. ஜப்பானியர் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டே மாதத்தில், ஜூன் 4-ஆம் தேதி மிட்வேயில், டார்பிடோ மாட்டிய நான்கு அமெரிக்க பி-26 நடுத்தர விமானங்கள் அதே அகாகியை நோக்கி வந்தன. அதில் ஒன்று கப்பலின் மேடையை உரசுவது போலக் கடந்து கடலில் விழுந்தது. இரண்டுதான் திரும்பின, அவையும் சல்லடையாகத் துளைபட்ட நிலையில். அவற்றின் தொட்டிகளில் ரப்பர் உறை இருந்தது. அன்று காலையே உயரத்திலிருந்து கவனிக்கப்படாமல் வந்த செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்கள் அகாகியை முடித்துவைத்தன. இலங்கையில் கிடைத்த எச்சரிக்கையை மதித்திருந்தால் மிட்வே வேறு மாதிரி போயிருக்குமா என்று கேட்டால், போயிருக்கலாம் என்பதுதான் என் கட்சி.

தஞ்சாவூருக்கு இந்தக் கதையில் ஒரு சின்ன இடம் உண்டு. சிங்கப்பூரில் இருந்த 36-ஆம் அணி 1942 ஜனவரி 26-ஆம் தேதி எண்டாவ் கடற்கரையில் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கப் போய், தன் பழைய துணி இறக்கை இரட்டைத்தட்டு விமானங்களில் பெரும்பகுதியை இழந்தது. அதே எண்ணோடு அந்த அணியை அக்டோபரில் தஞ்சாவூரில் மறுபடி உருவாக்கினார்கள். இம்முறை வெலிங்டன் விமானங்கள். நீர்மூழ்கிகளைத் தேடி விரிகுடாவின் மேல் மணிக்கணக்கில் சுற்றுவது வேலை. 1943 நடுவில் அல்ஜீரியாவுக்குப் போகும்வரை அங்கேயும் கிழக்குக் கரையின் மற்றத் தளங்களிலும் இருந்தார்கள். அதே தஞ்சாவூர் தளத்தில் 2020 ஜனவரி 20 முதல் பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய்-30 அணி நிற்கிறது. வேலை மாறவில்லை, கடல்தான்.

வெலிங்டனின் உடம்பை பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர் மூங்கில் கூடை முடைவது போல, குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும் டியூராலுமின் பட்டைகளால் பின்னியிருந்தார். ஒரு பட்டை அறுந்தாலும் பாரம் பக்கத்துப் பட்டைக்கு மாறிவிடும். இந்தக் கூட்டின் மேல் போர்த்தியது தகடு அல்ல. அயர்லாந்து லினன் துணி. அதன்மேல் டோப் எனப்படும் செல்லுலோஸ் கரைசலைப் பூசுவார்கள். காய்ந்து சுருங்கும்போது துணி மத்தளத் தோல் மாதிரி இறுகி நிற்கும். குண்டு துளைத்தால் துணித் துண்டை ஒட்டி டோப் பூசிவிட்டு மறுநாள் பறக்கலாம். ஐரோப்பாவில் இது வரம். இங்கே வெயிலின் புற ஊதாக் கதிர் செல்லுலோஸ் சங்கிலியை அறுக்கும். பருவ மழையில் துணி தொய்யும். ஈரத்தில் பூஞ்சை வரும். நாரின் வேதியியல் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. லினன் தாவர நார், தோல் விலங்கு நார். இரண்டையும் தின்னக் காத்திருக்கும் கிருமிகள்தான் வேறு வேறு.

அமெரிக்கர்களின் பி-25 மிட்செல் முழு உலோகம். 1942 ஏப்ரல் 18-ஆம் தேதி 16 மிட்செல்கள் ஹார்னெட் கப்பலின் தளத்திலிருந்து கிளம்பி டோக்கியோவைத் தாக்கிய கதை எல்லாருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான வேலை அது பின்னால் செய்தது. 1943 மார்ச்சில் பிஸ்மார்க் கடலில், மூக்கில் கண்ணாடிக்குப் பதில் கனரகத் துப்பாக்கிகளை அடுக்கிய மிட்செல்கள் அலைமட்டத்துக்குத் தாழ்ந்து வந்து, குண்டைத் தண்ணீரில் தத்தவிட்டுக் கப்பலின் பக்கவாட்டில் மோதவைத்தன. குளத்தில் சில்லெறிந்தவர்களுக்கு இதன் இயற்பியல் புரியும்: படும் கோணம் சிறிதாக இருக்க வேண்டும், வேகம் அதிகமாக இருக்க வேண்டும். குண்டு வெடிக்க நான்கைந்து நொடி தாமதம் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் வீசியவரே மாட்டிக்கொள்வார். எட்டு துருப்புக் கப்பல்களும் மூழ்கின, துணைக்கு வந்த எட்டு நாசகாரிக் கப்பல்களில் நான்கும் மூழ்கின.

பர்மாவின் பாலங்களில் இதே வித்தை பலிக்கவில்லை. தாழப் பறந்து வீசிய குண்டு தரையில் தத்திப் பாலத்தைத் தாண்டி ஓடிவிடும். 1944 ஜனவரி 1-ஆம் தேதி மூ ஆற்றுப் பாலத்தைத் தாக்கப்போன 490-ஆம் அணியின் மேஜர் எர்டின், எதிரே வந்த மரத்தில் இடிக்காமல் இருக்க விமானத்தைச் சட்டென்று மேலே தூக்கி, அதே வேளையில் குண்டையும் விட்டார். குண்டு தத்தாமல் சரியான சாய்வில் இறங்கியது. பாலத்தின் இரண்டு பகுதிகள் சரிந்தன. தற்செயலை அந்த அணி பயிற்சியாக்கிக்கொண்டது. பிறகு அவர்கள் உடைத்த பாலங்களுக்குக் கணக்கு வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

இந்த மிட்செல்களில் பழுதானவை வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று பெங்களூர். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையை 1943-இல் அமெரிக்க விமானப்படை தன் பராமரிப்புக்கு எடுத்துக்கொண்டது. ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகும் சென்னை - பெங்களூர் ரயில் பாதையின் அந்தக் கோடியில், பி-25-இன் எஞ்சினும் சக்கரக் காலும் பிரித்துப் பூட்டப்பட்டன. இந்த விமானங்களில் இரண்டு வேலைகளுக்குத் தோல் பயன்பட்டது. ஒன்றைப் பிரித்தால் உள்ளே பார்க்கலாம். சக்கரத்தை மடக்குவது, இறக்கை மடலை இறக்குவது, பிரேக், குண்டறைக் கதவு எல்லாம் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கின. அன்றைய விமானங்களின் அழுத்த உருளைகளில் ரப்பர் வளையத்துக்குத் தாங்கலாகத் தோல் வளையம் போடுவது வழக்கம். ரப்பர் தனியாக இருந்தால் அழுத்தத்தில் பிதுங்கி இடுக்கில் மாட்டிக் கிழியும். தோல் பிதுங்காது, எண்ணெயை ஊறவைத்துக்கொண்டு உருளையின் சுவரையும் வழவழப்பாக வைக்கும். சைக்கிள் பம்பிலும் தெருவோர அடிபம்பிலும் இருந்த தோல் வாஷரின் அண்ணன் அது. மற்றது, பெட்ரோல் வடிகட்டி. முன்னணி ஓடுபாதைகளில் பீப்பாயிலிருந்து கையால் ஊற்றும்போது புனலின் வாயில் எண்ணெய்ப் பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோலை, ஷாமி என்பார்களே அதை, விரித்து வைப்பார்கள். முதலில் பெட்ரோலில் நனைந்துவிட்டால் அந்தத் தோல் பெட்ரோலை மட்டும் விடும். மழைக்காலத்துப் பீப்பாயின் அடியில் தேங்கிய தண்ணீர் மேலேயே உருண்டு நிற்கும். எஞ்சினுக்குள் போகும் ஒரு குவளைத் தண்ணீர் கிளம்பும் வேளையில் ஒரு விமானத்தை வீழ்த்தப் போதும்.

இனி மாஸ்கிட்டோ. வரிசைப்படி அது இலகு ரகம். பர்மாவில் செய்ததோ நடுத்தர ரகத்தின் வேலை. அது மரத்தாலான விமானம். இரண்டு மெல்லிய பிர்ச் பலகைகளுக்கு நடுவே பஞ்சு போன்ற பால்சா மரத்தை வைத்து ஒட்டி, அதன்மேல் மெல்லிய பருத்தித் துணி போர்த்தி டோப் பூசினார்கள். அந்தத் துணி ரகம் முதலில் ஐரோப்பாவுக்குப் போனது நம் பழைய மதராஸ் மாகாணத்தின் நரசாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மடப்பொல்லம் என்ற ஊரிலிருந்து. போர்க்காலத்தில் நெய்தது இங்கிலாந்து ஆலைகள் என்பது வேறு விஷயம்.

ஆரம்பகால மாஸ்கிட்டோக்களை ஒட்டியது கேசின். பாலைத் திரித்தால் கிடைக்கும் புரதம். தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழைய நண்பன். பளபளப்பான ஆட்டுத்தோல் செய்ய, நிறப்பொடியைக் கேசினில் கலந்து தெளித்து, காய்ந்தபின் கிளேஸிங் மிஷினில் கண்ணாடி உருளையால் அழுத்தித் தேய்ப்பார்கள். முகம் பார்க்கலாம். ஆனால் அதன்மேல் ஈரத் துணியை நாலு தடவை தேய்த்தால் நிறம் துணியில் வந்துவிடும். அதற்குத்தான் மேலே ஃபார்மலின் தெளிப்பது. புரதச் சங்கிலியில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் அமினோ தொகுதிகளை ஃபார்மால்டிஹைடு பாலம் போட்டு ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அதன்பின் தண்ணீர் சங்கிலிகளைப் பிரிக்க முடியாது. ஏற்றுமதிச் சரக்கில் ஃபார்மால்டிஹைடின் அளவுக்கு இப்போது கடுமையான வரம்பு இருப்பதால் பல இடங்களில் அக்ரிலிக்கும் பாலியூரித்தேனும் கேசினின் இடத்தைப் பிடித்துவிட்டன.

மாஸ்கிட்டோவும் இதே வழியில்தான் போனது. ஈரத்தில் கேசின் ஊறும், பூஞ்சை தின்னும் என்பதால் யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசினுக்கு மாறினார்கள். கேம்பிரிட்ஜ் பக்கம் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புரூய்ன் உருவாக்கிய பிசின் அதில் ஒன்று. ஒரு பலகையில் பிசின், மறு பலகையில் ஃபார்மிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் இறுகும். சாயம் பிடிக்க டிரம்மில் தினமும் ஊற்றுகிற அதே ஃபார்மிக் அமிலம்.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்த வேளையில்தான் 1944 வந்தது. பெங்களூர் எலஹங்காவில் மாஸ்கிட்டோவுக்கு மாறிப் பயிற்சி எடுத்த 45-ஆம் அணி உட்பட இந்தியாவில் இருந்த அணிகளில் இறக்கை முறிந்து விமானங்கள் விழ ஆரம்பித்தன. அக்டோபரில் பயிற்சியின்போதே ஒன்று விழுந்து இருவர் இறந்தார்கள். நவம்பரில் இந்தியாவில் இருந்த மாஸ்கிட்டோக்கள் எல்லாவற்றையும் தரையில் நிறுத்திவிட்டார்கள். திறந்து பார்த்தால், இறக்கையின் மேல் பலகை நடுச்சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒட்டு விட்டிருந்தது.

காரணம் என்ன என்பதில் சண்டை. விமானம் செய்த டி ஹேவிலாண்ட் நிறுவனத்தின் ஹியர்வர்ட் டி ஹேவிலாண்ட் இந்தியாவுக்கு வந்து பார்த்துவிட்டு, பெரும்பாலும் தட்பவெப்பம் என்றார். பிரிட்டிஷ் விமான உற்பத்தித் துறையின் ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒட்டு வேலையே தரமில்லை, பலகைகள் ஒன்றையொன்று தொடாத இடைவெளிகள் தொழிற்சாலையிலேயே இருந்திருக்கின்றன என்று கண்டார்கள். வெளியே சொல்ல வசதியாக இருந்தது தட்பவெப்பம்தான். போர்க்காலத்தில் விமானிகளின் நம்பிக்கை போய்விடக் கூடாதே.

ஹாம்பர்க்கில் கண்டெய்னரைத் திறந்தபோது சரக்கில் புள்ளி இருந்தால் இங்கே நடக்கும் விவாதத்தைக் கேட்டிருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. கப்பலில் வந்த ஈரம் என்பார் ஒருவர். பேக் செய்யும்போதே காயவில்லை என்பார் மற்றவர். இரண்டும் உண்மையாக இருக்கும், ஆனால் எடை ஒன்றல்ல. பசை என்பது இரண்டு முகங்கள் மயிரிழை இடைவெளியில் பொருந்தினால்தான் பிடிக்கும். இடைவெளியைப் பிசினால் நிரப்பினால் அது காயும்போது சுருங்கி உள்ளுக்குள் வெடிக்கும். இங்கிலாந்தின் குளிரில் அந்த வெடிப்பு தூங்கிக்கொண்டிருக்கும். மழையில் மரம் ஊறி, வெயிலில் சுருங்கி, மறுபடி ஊறும் ஊரில் விழித்துக்கொள்ளும். வெயிலும் மழையும் குற்றத்தைக் காட்டிக்கொடுத்தன, அவ்வளவுதான். செய்த பரிகாரமும் அதைத்தான் சொல்கிறது. இறக்கையின் நடுச்சட்டத்து மேல்மூட்டு முழுவதையும் ஒரு நீளப் பலகைப் பட்டையால் மூடி, தண்ணீர் உள்ளே போகும் வழியை அடைத்தார்கள். மாஸ்கிட்டோக்கள் போர் முடிவதற்குள் மறுபடி பர்மா மேல் பறந்தன.

மரம் வேண்டாம், இனி உலோகம்தான் என்று பிரிட்டிஷ் விமானப்படை நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. போருக்குப்பின், அதே 45-ஆம் அணியும் 84-ஆம் அணியும் பிரிகண்ட் என்ற புதிய இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானத்துக்கு மாறி, சிங்கப்பூரின் தெங்கா தளத்திலிருந்து பறந்தன. போர்க்காலத்தில் திட்டமிட்ட விமானம் அது. போர் முடிந்துவிட்டதால் 1949 முதல் மலாயாக் காடுகளில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிராகப் பறக்க நேர்ந்தது. கீழே அதே ரப்பர் தோட்டங்கள், அதே தமிழ்த் தொழிலாளர்கள். உடம்பு முழுக்க உலோகம். ஆனால் செங்குத்தாக இறங்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்த இறக்கையில் விரியும் காற்றுத் தடுப்புகளை இயக்கியது ஒரு துருத்தி. அந்தத் துருத்தி தோலால் ஆனது.

மலாயாவின் ஈரத்தில் தோல் இற்றுப்போனது. ஒரு பக்கத்துத் தடுப்பு விரிந்து மறுபக்கம் விரியாமல் போனால் விமானம் சுழலும்; இரண்டுமே விரியாவிட்டால் வேகம் எல்லை மீறும். இறக்கை கழன்று பிரிகண்ட்கள் விழுந்தன. காரணம் தெரிந்ததும் எல்லாவற்றையும் தரையில் நிறுத்தினார்கள்.

பதனிட்ட தோல் மக்கும் என்பதில் டேனரிக்காரர்களுக்குச் சந்தேகமே கிடையாது. பதனிடுவது கொலாஜன் நாரைப் பாக்டீரியாவிடமிருந்து காப்பாற்றும். தோலுக்கு மென்மை தரச் சேர்த்த எண்ணெயையும், ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பதனியையும் பூஞ்சை தின்பதை அது தடுக்காது. வெப்பமும் ஈரமும் கூடினால் பூஞ்சை சில நாளில் படரும். எண்ணெய் போன தோல் மடிப்பில் விறைத்து, மடங்க மடங்க வெடிக்கும். துருத்தி என்பதோ முழுக்க முழுக்க மடிப்பு. அதனால்தான் டேனரிகளில் பூஞ்சைக் கொல்லி சேர்க்கிறார்கள். பல பத்தாண்டுகள் அந்த வேலையைச் செய்தது பென்டாகுளோரோஃபீனால்; 1980-களின் கடைசியில் ஜெர்மனி அதைத் தடை செய்தபோது வேலூர் மாவட்டத்து ஏற்றுமதியாளர்கள் வேறு மருந்து தேடி ஓடிய ஓட்டம் இந்தப் பக்கத்தில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். இங்கிலாந்தில் துருத்தி வரைந்தவர் தோலைத் தேர்ந்தெடுத்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். காற்றடைக்கும், மடங்கும், எடை குறைவு. எந்தப் பதனிடுதல், எந்த எண்ணெய், எந்தப் பூஞ்சைக் கொல்லி என்ற மூன்று கேள்விகளையும் எந்த ஊருக்கு என்ற நாலாவது கேள்வியோடு சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

45-ஆம் அணி 1952-இல் பிரிகண்டைக் கைவிட்டு ஹார்னெட் என்ற விமானத்துக்கு மாறியது. செய்தது டி ஹேவிலாண்ட். மரமும் உலோகமும் கலந்த விமானம். இரண்டையும் ஒட்டியது ரெடக்ஸ் என்ற புதிய பசை, கண்டுபிடித்தவர் அதே டி புரூய்ன். மலாயாவின் மழையில் அது ஒட்டிக்கொண்டு நின்றது.